கால்குலேட்டர் வாங்குமுன் கேளுங்கள்



"ஆழம் அறியாமல் காலை விடாதே" என்பது முன்னோர் வாக்கு. கால்குலேட்டர் வாங்குவதற்கும் அது பொருந்தும் என்பதைச் சென்ற ஆண்டு நாங்கள் உணர்ந்தோம்.

நம் பள்ளியில் பயின்று பொறியியல் கல்லூரியில் சேர்ந்த அக்கா ஒருவருக்கு, அவருடைய சித்தப்பா குவைத்திலிருந்து விலையுயர்ந்த கால்குலேட்டர் ஒன்றை வாங்கி வந்தார். வரைபடமே வரைந்து காட்டும் கருவி அது! ஆனால் முதல் பருவத் தேர்வன்று மேற்பார்வையாளர் அதை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார். மூன்று மணி நேரமும் அக்கா கையாலேயே பெருக்கி வகுத்தார். நன்கு தெரிந்த இரண்டு கணக்குகளை முடிக்க நேரமில்லாமற் போயிற்று. "யார்மேலும் குற்றமில்லை, முன்பே கேட்காதது என் குற்றம்" என்று எங்களிடம் கண்கலங்கக் கூறினார்.

அக்கருவியை ஏன் தடுத்தார்கள்? அதில் நிரல்களையும் சூத்திரங்களையும் பதிந்து வைத்துக்கொள்ளலாம். பிறகு தேர்வு எழுதுவது நாமா, கருவியா? ஆகவேதான் பல பல்கலைக்கழகங்கள் நிரல் ஏற்ற முடியாத அறிவியல் கால்குலேட்டரை மட்டும் அனுமதிக்கின்றன.

மேற்படிப்புக்குச் செல்லும்போது நாம் கவனிக்க வேண்டியவை இவை:

1. முதலில் கல்லூரியின் தேர்வு விதிகளைப் படிக்க வேண்டும். எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. கேசியோ 991 எம்எஸ், 991 இஎக்ஸ் இரண்டுக்கும் எண் ஒன்றே. ஆனால் பின்னதில் கியூஆர் குறியீடு காட்டும் வசதி உண்டு. விதியில் உள்ள முழுப் பெயரையும் கடையில் சொல்லிக் கேட்க வேண்டும்.

2. தேவைக்கு மேல் செலவிட வேண்டாம். சைன், மடக்கை, சராசரி போன்றவற்றுக்கு 82 எம்எஸ் போதும். அணிகள், கலப்பெண்கள், தொகையிடல் வேண்டுமானால் 991 எம்எஸ் உதவும்.

3. கடைக்காரர்கள் வைத்திருக்கும் சாதாரணக் கருவியில் 2 + 3 × 4 என்று அழுத்தினால் 20 வரும். அறிவியல் கருவியோ பெருக்கலை முதலில் செய்து, 14 என்று சரியாகக் காட்டும்.

4. தேர்வுக்குப் பல வாரங்கள் முன்பே வாங்கிப் பழக வேண்டும். சைன் 30 பாகைக்கு விடை 0.5. கருவி ரேடியனில் இருந்தால் −0.988 என்று வரும். தேர்வறையில் அமர்ந்ததும் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் பிழை தெரிந்துவிடும்.

5. மூடியின் உட்புறம் பென்சிலால்கூட ஒன்றும் எழுதக் கூடாது. விளையாட்டாக எழுதிய சூத்திரமும் காப்பியடித்ததாகவே கருதப்படும். பக்கத்திலிருப்பவரிடம் கருவியை இரவல் கேட்பதும் தவறு.

எல்லாத் தேர்விலும் கருவி துணைக்கு வராது. நம் பத்தாம் வகுப்பு அரசுத் தேர்விலும், மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்விலும் கால்குலேட்டருக்கு இடமில்லை. பொறியியல் பட்டதாரிகள் எழுதும் கேட் தேர்விலோ கணினித் திரையில் தோன்றும் கால்குலேட்டரை மட்டுமே பயன்படுத்தலாம்.

ஆகவே தோழியரே, வாய்பாட்டை மறவாதிருப்போம். விடை ஏறத்தாழ எவ்வளவு வரும் என்று மனத்தில் எண்ணிய பிறகே பொத்தானை அழுத்துவோம். பெற்றோர் உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கும் கருவி தேர்வறை வாசலில் நின்றுவிடாமல், நம்மோடு உள்ளே வரட்டும்!