போக்குவரத்து விமானியும் ஹெலிகாப்டர் விமானியும் – ஓர் ஒப்பீடு

முன்னுரை

"எதிர்காலத்தில் நீ யாராக விரும்புகிறாய்?" என்று மேல்வகுப்பு மாணவியரிடம் கேட்டால் மருத்துவர், ஆசிரியை, பொறியாளர் என்ற விடைகளே பெரும்பாலும் வரும். இப்பொழுது, "விமானப்படை விமானி" என்று சொல்லும் குரல்களும் ஆங்காங்கே கேட்கின்றன. மகிழ்ச்சியே! ஆயினும் ஆசை மட்டும் போதாது. கோபுரம் கட்ட எண்ணுகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று நம் ஆண்டவர் உவமையாகக் கூறியுள்ளார் அல்லவா? விமானப்படையில் பெண்கள் நெடுநாளாகப் பணியாற்றிவரும் இரண்டு பிரிவுகளை எடுத்துக்கொண்டு, படையை விட்டு வெளியே வந்தபின் அவை தரும் வேலைவாய்ப்பு யாது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

வழி திறந்த வரலாறு

இந்திய விமானப்படை 1990-களின் தொடக்கத்தில்தான் பெண்களை விமானிகளாகச் சேர்க்கத் தொடங்கியது. அவ்வாறு சேர்ந்தவர்களுள் ஒருவரான ஹரிதா கவுர் தியோல், 1994 செப்டம்பர் 2-ஆம் நாள் ஆவ்ரோ விமானத்தைத் தனியே ஓட்டி வரலாறு படைத்தார். 1996 டிசம்பரில் ஆந்திராவில் நிகழ்ந்த ஆவ்ரோ விபத்தில் அவர் உயிர் நீத்தார் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. 1999-இல் கார்கில் போரின்போது குஞ்சன் சக்சேனா, ஸ்ரீவித்யா ராஜன் ஆகிய இருவரும் சீட்டா ஹெலிகாப்டர்களை ஓட்டிச் சென்று காயமுற்ற வீரர்களை மீட்கும் பணியில் ஈடுபட்டனர். போர் விமானப் பிரிவின் கதவு 2016-இல் திறந்தது. அதற்கு முன் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பெண்களுக்குக் கிடைத்த பிரிவுகள் இரண்டே: போக்குவரத்து விமானம், ஹெலிகாப்டர்.

நுழையும் வழி

பட்டம் பெற்றவர்கள் ஏ.எஃப்.கேட் என்னும் பொது நுழைவுத்தேர்வு எழுதலாம். வயது 20 முதல் 24 வரை. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் படித்திருத்தல் கட்டாயம். எனவே பதினோராம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவை எடுக்கிறோம் என்பதிலேயே இந்த வழி திறப்பதும் அடைபடுவதும் இருக்கிறது. எழுத்துத் தேர்வுக்குப்பின் மைசூரு போன்ற ஊர்களில் உள்ள தேர்வு வாரியத்தில் சில நாட்கள் சோதனை நடைபெறும். விமானிக்குரிய திறமையை அறியும் கணினிச் சோதனை ஒன்று உண்டு. அதில் தவறியவர் வாழ்நாளில் மறுபடி அதை எழுத இயலாது. உயரம், கண் பார்வை ஆகியவற்றிலும் விதிகள் கண்டிப்பானவை.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தவுடன் சேரும் வழியும் உண்டு. புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாதெமி 2022-இல் முதன்முறையாக மாணவியரைச் சேர்த்துக்கொண்டது. அந்த முதல் அணி 2025-இல் பயிற்சி முடித்து வெளிவந்தது.

ஐதராபாத் அருகே துண்டிக்கல் விமானப்படை அகாதெமியில் எல்லோருக்கும் அடிப்படைப் பயிற்சி ஒன்றே. அதன்பின் பாதை பிரிகிறது. போக்குவரத்து விமானப் பயிற்சிக்குப் பெங்களூரை அடுத்த யலகங்காவும், ஹெலிகாப்டர் பயிற்சிக்கு ஐதராபாத்தை அடுத்த ஹக்கிம்பேட்டையும் பெயர் பெற்றவை. எந்தப் பாதை என்பதை நாம் மட்டும் முடிவு செய்வதில்லை. நம் விருப்பம் கேட்கப்படும். ஆயினும் மதிப்பெண், திறமை, படையின் தேவை ஆகியவற்றைப் பார்த்தே பிரிவு ஒதுக்கப்படும்.

போக்குவரத்து விமானியின் பணி

ஏ.என்.-32, சி-130ஜே, சி-17 முதலியன போக்குவரத்து விமானங்கள். 2023 முதல் சி-295 என்னும் புதிய விமானமும் சேர்ந்துள்ளது. வீரர்கள், உணவு, மருந்து, வண்டிகள் ஆகியவற்றை லடாக் முதல் அந்தமான் வரை கொண்டு சேர்ப்பது இவர்கள் கடமை. 2023 ஏப்ரலில் சூடான் நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டபோது, விளக்கு வசதி இல்லாத ஓடுபாதையில் இரவு நேரத்தில் சி-130ஜே விமானத்தை இறக்கி, 121 பேரை நம் விமானிகள் மீட்டு வந்தனர்.

நெடுந்தூரப் பயணம், கருவிகளைப் பார்த்தே ஓட்டுதல், வானிலைக் கணக்கு, எரிபொருள் கணக்கு, இரு விமானிகள் ஒருவரையொருவர் சரிபார்த்துக்கொள்ளும் பழக்கம் ஆகியவை இப்பணியில் ஊறிப்போகும். பயணிகள் விமானத்திலும் இவையே தேவை. சி-295-இல் உள்ள எஞ்சினும், சிறு நகரங்களுக்குப் பறக்கும் ஏ.டி.ஆர். பயணிகள் விமானத்தின் எஞ்சினும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்றால் ஒற்றுமை விளங்கும்.

ஹெலிகாப்டர் விமானியின் பணி

சேத்தக், சீட்டா, துருவ், மி-17 ஆகியவை இப்பிரிவில் அடங்கும். ஓடுபாதை இல்லாத இடமே இவர்களுக்குப் பணியிடம். பனிமலை முகடு, வெள்ளம் சூழ்ந்த ஊர், காட்டின் நடுவே சிறு வெளி எங்கும் இறங்க வேண்டும். இறங்க இயலாவிடில் அந்தரத்தில் நின்றபடி கயிற்றால் ஆளைத் தூக்க வேண்டும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தபோது மொட்டை மாடிகளிலிருந்து மக்களை இவ்வாறு மீட்டதை நம் மாநிலம் மறக்கவில்லை. கையின் நுட்பமும் நொடியில் முடிவெடுக்கும் துணிவும் இப்பணியில் வளர்கின்றன.

படையை விட்டு வந்தபின்

ஏ.எஃப்.கேட் வழியாகக் குறுகிய காலப் பணியில் சேரும் விமானி 14 ஆண்டுகள் பணியாற்றலாம். வெளியே வரும்போது வயது 36 முதல் 39 வரை இருக்கும். பணிக்கொடை உண்டு, மாத ஓய்வூதியம் கிடையாது. பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும் வயது. பெற்றோர் முதுமை எய்தும் காலம். ஆகவே அடுத்த வேலை என்ன என்பது குடும்பத்தின் அடுப்பைத் தொடும் கேள்வியாகும். தேசியப் பாதுகாப்பு அகாதெமி வழியாக நிரந்தரப் பணியில் சேர்ந்து, 20 ஆண்டுகள் நிறைவு செய்பவருக்கு ஓய்வூதியம் உண்டு. இவ்வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே அறிதல் நலம்.

படையில் ஓட்டினோம் என்பதால் மட்டும் வெளியில் ஓட்ட முடியாது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும். விமானத்துக்கு ஓர் உரிமம், ஹெலிகாப்டருக்கு வேறோர் உரிமம். பயணிகள் விமானத்தின் கேப்டன் ஆவதற்குரிய உயர் உரிமத்துக்கு 1500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். போக்குவரத்து விமானி படையில் பறந்த மணிகள் இதற்கு நேராகத் துணை நிற்கும். ஹெலிகாப்டரில் பறந்த மணிகளோ இதற்கு முழுமையாகக் கணக்கில் ஏறா. விமானத்துக்கு மாற விரும்பினால் மீண்டும் பயிற்சி, மீண்டும் செலவு.

அடுத்து, வேலைகளின் எண்ணிக்கை. 2023-இல் மட்டும் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆணை கொடுத்தன. விமானங்கள் வர வர விமானிகள் தேவை. 65 வயது வரை ஓட்டலாம். பெண் விமானிகளின் விகிதத்திலும் உலக சராசரியைவிட நம் நாடு மிக முன்னே நிற்கிறது. ஆனால் படையில் எத்துணை உயர் பதவி வகித்தவராயினும் துணை விமானியாகவே பெரும்பாலும் தொடங்க வேண்டும். தம்மினும் இளையவரைக் கேப்டனாக ஏற்கும் பணிவு வேண்டும்.

ஹெலிகாப்டர் துறை சிறியது. மும்பைக்கு அப்பால் கடலில் உள்ள எண்ணெய்க் கிணறுகளுக்குப் பணியாளரைக் கொண்டு செல்லுதல், கேதார்நாத், வைஷ்ணவ தேவி யாத்திரைச் சேவை, மாநில அரசுகளின் ஹெலிகாப்டர்கள், மருத்துவ ஊர்தி ஆகியவையே முக்கியமானவை. 1985-இல் தொடங்கப்பெற்ற பவன் ஹான்ஸ் இத்துறையில் பழமையான நிறுவனம். இடங்கள் குறைவெனினும் போட்டியும் குறைவு. தனியாரிடம் ஹெலிகாப்டர் பயிற்சி பெறுவது மிகுந்த செலவு பிடிப்பதால், நம் நாட்டு சிவில் ஹெலிகாப்டர் விமானிகளுள் பெரும்பாலோர் படைகளிலிருந்து வந்தவர்களே. அவர்களுள்ளும் மி-17, துருவ் போன்ற இரட்டை எஞ்சின் ஹெலிகாப்டர்களில் பறந்தவருக்குக் கடல் பணியில் முதலிடம் கிடைக்கும். ஒற்றை எஞ்சின் சேத்தக், சீட்டாவிலேயே காலம் முழுவதும் கழித்தவருக்கு வாய்ப்பு சுருங்கும்.

நாம் கருத வேண்டியவை

வேலைவாய்ப்பை மட்டும் எடைபோட்டால் போக்குவரத்துப் பிரிவே மேலானது என்பது தெளிவு. ஆனால் ஹெலிகாப்டர் பிரிவு ஒதுக்கப்பட்டால் மனம் தளர வேண்டியதில்லை. இரட்டை எஞ்சின் அனுபவத்தை நாடிப் பெறுதல், பறந்த மணிகளை ஒழுங்காகப் பதிவு செய்தல், பணியில் இருக்கும்போதே உரிமத் தேர்வுகளுக்குப் படித்தல் ஆகிய மூன்றும் அவரைக் காக்கும். இவை போக்குவரத்து விமானிக்கும் பொருந்தும்.

ஒரு பிரிவு என்றும் நிலைக்கும் என்று நம்பியிருத்தலும் கூடாது. முற்காலத்தில் விமானங்களில் வழிகாட்டும் நேவிகேட்டரும், எஞ்சினைக் கவனிக்கும் பொறியாளரும் உடன் பறந்தனர். கணினி வந்தபின் பயணிகள் விமானங்களில் அவ்விரு இருக்கைகளும் மறைந்தன. கற்பதை நிறுத்தாதவரே நிலைத்து நிற்பார்.

ஆபத்தையும் மறைக்கலாகாது. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட ஏ.என்.-32 விமானம் 29 பேருடன் வங்கக் கடலில் மறைந்தது. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் பறந்த மி-17 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்தது. முப்படைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் உட்படப் பலர் மாண்டனர். இரு பிரிவிலும் உயிரைப் பணயம் வைத்தே பணி நடக்கிறது. பெற்றோரிடம் இதையும் சேர்த்தே பேசி இசைவு பெறுதல் மகளுக்கு அழகு.

முடிவுரை

தோழியரே! 1920-இல் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் லொரேத்தோ அன்னையை விமானிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். அவ்வன்னையின் துணையை வேண்டுவோம். அதனுடன் கணிதப் புத்தகத்தையும் திறப்போம். சம்பளம், சீருடை, புகழ் ஆகியவற்றுக்கு முன்னால், பனிமலையில் காயமுற்றுக் கிடப்பவனுக்கும், வெள்ளத்தில் கூரைமேல் நிற்பவளுக்கும் நாம் பயன்பட வேண்டும் என்ற எண்ணம் இருக்கட்டும். இறைவன் தந்த தாலந்தைப் புதைத்து வைக்காமல், செலவையும் கணக்கிட்டு, துணிந்து அடியெடுத்து வைப்போமாக!