கோட்டைக்கு ஒரு வலைப்பக்கம்

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பற்றி வலைப்பக்கம் எழுதிப் பழகுகிறீர்களா? இணையத்தில் ஏற்றுமுன் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் இலவச வேலிடேட்டரில் எச்டிஎம்எல் நிரலை ஒட்டிச் சோதியுங்கள். பிரவுசர் பூசி மெழுகிவிடும் குறைகளை அது வரி எண்ணோடு காட்டிவிடும்.

பிழைப்பட்டியல் நீளமாக வந்தால் மிரள வேண்டாம். மூடாமல் விட்ட ஒரே ஒரு டேக், கீழே பல பிழைகளைக் கிளப்பும். முதல் பிழையை மட்டும் திருத்தி மறுபடி சோதித்தால் பல தாமே மறைந்துவிடும். கோட்டைப் படத்துக்கு 'ஆல்ட்' விளக்கம் விட்டுப்போனாலும் வேலிடேட்டர் சொல்லும். பார்வையற்றோருக்குத் திரைவாசிப்பான் படித்துக்காட்டுவது அதைத்தான். தமிழ் எழுத்து குழம்பினால் யுடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்க அறிவிப்பு இருக்கிறதா பாருங்கள்.

ஆனால், அந்தக் கோட்டையை ஆண்ட கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்ட 1799-ஐ 1789 என்று அடித்திருந்தால் வேலிடேட்டர் வாய் திறக்காது. அதற்கு வரலாறு தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.