சுகமில்லாத நண்பரோடு இராச்சாப்பாடா?

சீனன்குடாவிலிருந்து திருகோணமலை நகருக்கோ உப்புவெளிக்கோ புறப்படுமுன் கவனியுங்கள்:

1. இரண்டு மூன்று கடைகளின் பெயரைச் சொல்லி, நண்பரையே தெரிவுசெய்ய விடுங்கள். வருத்தம் வந்தபின் அவர் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை.

2. பகலிலேயே போய் வாசற்படி, கழிப்பறை, முதுகு சாயக்கூடிய கதிரை உண்டா என்று பாருங்கள். கடற்கரைக் கடையென்றால் மணலில் நடப்பதே அவரைக் களைக்க வைத்துவிடும்.

3. ஏழு மணிக்கு முன்பே போய்விடுங்கள். சனம் குறைவு, கொத்து ரொட்டி அடிக்கும் சத்தத்துக்கு மேலால் கத்திக் கதைக்கத் தேவையில்லை.

4. குசினிக்குத் தள்ளி, காற்றுப்படும் மேசையாகக் கேளுங்கள். பொரிக்கும் மணம் குமட்டலைக் கிளப்பும்.

5. கீமோ சிகிச்சை பெறுபவரென்றால் பச்சைச் சம்பல், சலாது, ஐஸ் வேண்டாம். அவித்த சூட்டோடு இடியப்பமும் சொதியும் சொல்லுங்கள். கிருமித்தொற்றை எதிர்க்கும் சக்தி அவருக்குக் குறைவு.

6. சிறுநீரக நோயாளியென்றால் கருவாடு, ஊறுகாய், இளநீர் பற்றி வைத்தியரிடம் முன்பே கேளுங்கள். முதல் இரண்டிலும் உப்பு அதிகம், இளநீரில் பொட்டாசியம் அதிகம்.

7. “இன்னும் கொஞ்சம்” என்று வற்புறுத்தாதீர்கள். பசியை மருந்தே அடக்கியிருக்கும்.

8. வந்த ஆட்டோவையே காத்திருக்கச் சொல்லுங்கள். களைத்தவுடன் எழும்பிவிடலாம்.