கேஸ் கட்டணமும் அறிவியல் குறியீடும்

ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் குறியீட்டை நடத்தும்போது ஒளியாண்டோடு, எதீரியம் என்னும் தொகுதிச்சங்கிலியின் (பிளாக்செயின்) கட்டணத்தையும் நான் எடுத்துக்கொள்வதுண்டு. விடை பிசகினால் பணம் போகும் கணக்கு என்பதால் மாணவர்கள் கவனமாகப் போடுகிறார்கள்.

அதில் கணினி செய்யும் வேலையை அளக்கும் அலகு 'கேஸ்'. ஒருவருக்கு ஈதர் அனுப்ப 21,000 கேஸ். ஓர் அலகின் விலை 20 குவெய் எனக் கொள்வோம். ஒரு குவெய் 10⁻⁹ ஈதர். எனவே 21,000 × 20 × 10⁻⁹ = 4.2 × 10⁻⁴ ஈதர்.

ஸ்மார்ட் கான்ட்ராக்ட் நிரலில் இது இவ்வளவு எளிதன்று. இரண்டு எண்களைக் கூட்ட 3 கேஸ்தான். காலியிடத்தில் புதிய மதிப்பைச் சேமிக்கவோ 20,000க்கு மேல்! ஆகவே நிரலை முதலில் ஒத்திகையாக ஓட்டி, கிடைத்த மதிப்பீட்டைவிடச் சற்றுக் கூடுதலாக உச்சவரம்பு வைப்பார்கள். மதிப்பீடு 60,000 என்றால் வரம்பு 72,000 எனலாம். 58,000 மட்டும் செலவானால் மீதிக்குக் கட்டணமில்லை. வரம்பை 50,000 என வைத்தாலோ வேலை பாதியில் நின்று, செய்தவை யாவும் ரத்தாகும். 50,000க்கான கட்டணம் மட்டும் திரும்பாது.

"பத்து லட்சம் வைத்துவிடலாமே, சார்?" என்று யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி. அவ்வளவுக்கும் கணக்கில் இருப்பு வேண்டும். நிரல் முடிவில்லாமல் சுழன்றால் அத்தனையும் கரைந்துவிடும்.

விலையும் நிற்பதில்லை. 2021 ஆகஸ்டு முதல், அடிப்படை விலை ஒவ்வொரு தொகுதிக்கும் அதிகபட்சம் 12.5 விழுக்காடு ஏறலாம். இங்கே கூட்டுவட்டி வாய்பாட்டைப் போடச் சொல்லுங்கள்: 20 குவெய் ஆறு தொகுதிகளில் ஏறத்தாழ 40.5 ஆகிறது. தொகுதிக்கு 12 விநாடி வீதம், 72 விநாடிகளில்.