நூறில் ஒன்று என்றால் என்ன?

கைப்பேசியில் இலவசமாக இறக்கிக்கொண்டு ஆடக்கூடிய விளையாட்டுகள் பல உண்டு. காசு கொடுக்காமலும் ஆடலாம், கொடுத்தும் ஆடலாம். காசு கொடுப்பவருக்கு அப்படி என்னதான் கிடைக்கிறது? "அரிய வீரன் ஒருவன் கிடைப்பான்" என்று நீங்கள் சொல்லக்கூடும். பல விளையாட்டுகளில் அவர் வாங்குவது ஒரு குலுக்கலைத்தான். அந்தக் குலுக்கலில் வீரன் வரலாம், வராமலும் போகலாம். "வாய்ப்பு நூறில் ஒன்று" என்று திரையில் ஓரமாக எழுதியிருக்கும். அந்த மூன்று சொற்களுக்கு என்ன பொருள் என்பதை இப்போது பார்ப்போம்.

இம்முறைக்கு ஜப்பானில் 'கச்சா' என்று பெயர். அந்நாட்டுக் கடைவாசல்களில் பொம்மை இயந்திரங்கள் நிற்கும். காசைப் போட்டுக் கைப்பிடியைத் திருகினால் உருண்டைக் கூடு ஒன்று விழும், அதற்குள் ஒரு பொம்மை இருக்கும். திருகும்போது எழும் ஓசையே பெயராகிவிட்டது. நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் அட்டையில் ஒட்டிய சீட்டைக் கிழித்துப் பரிசு பெறுவதும் இதே இனந்தான். ஆனால் கடைவாசல் இயந்திரத்துக்கும் கைப்பேசிக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. ஒரு சோதனை செய்தால் அது விளங்கிவிடும்.

நூறு புளியங்கொட்டைகளை எடுத்து, ஒன்றுக்கு மட்டும் சுண்ணாம்பு தடவிக் காயவையுங்கள். எல்லாவற்றையும் ஒரு பானையில் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுங்கள். எடுத்ததை வெளியே வைத்துவிடுங்கள். 60 கொட்டைகள் எடுத்தும் வெள்ளை வரவில்லை என்றால் பானையில் மீதி 40. இப்போது உங்கள் வாய்ப்பு நாற்பதில் ஒன்றாக உயர்ந்துவிட்டது. எப்படியும் நூறாவது முறைக்குள் வெள்ளை வந்தே தீரும். இயந்திரமும் பெட்டிக்கடை அட்டையும் இவ்வகை. (அட்டையில் பெரிய பரிசு கிழிபடாமல் இருந்து, சீட்டுகள் மட்டும் குறைந்துவிட்டால், கெட்டிக்காரப் பையன்கள் அப்போதுதான் காசை எடுப்பார்கள்!)

இனி இரண்டாம் முறை. எடுத்த கொட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் பானையிலேயே போட்டுக் குலுக்குங்கள். 60 முறை வெள்ளை வரவில்லை. 61ஆம் முறை வாய்ப்பு எவ்வளவு? முதன்முறை இருந்த அதே நூறில் ஒன்றுதான். பானைக்கு ஞாபகம் கிடையாது. சாதாரணக் கைப்பேசிக் குலுக்கல் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆனால் ஆடுபவரின் மனமோ முதல் வகைக் கணக்கைப் போடுகிறது. "அறுபது ஆகிவிட்டது, இனி வந்தாக வேண்டும், இப்போது விட்டால் எல்லாம் வீண்" என்று அது சொல்லும்போதுதான் அப்பாவின் வங்கி அட்டையைக் கை தேடுகிறது.

ஒரு முறை தவறுவதற்கான வாய்ப்பு 0.99. நூறு முறை தொடர்ந்து தவற வேண்டுமானால் 0.99ஐ நூறு முறை பெருக்க வேண்டும். விடை 0.366. அதாவது, ஆயிரம் மாணவர்கள் ஆளுக்கு நூறு குலுக்கல் ஆடினால் ஏறத்தாழ 366 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். முந்நூறு குலுக்கல் ஆடிய பின்னும் 49 பேர் அப்படியே இருப்பார்கள்.

பௌதிகம் படிப்பவர்களுக்கு இது புதிதன்று. கதிரியக்க அணுக்கள் சிதைவதும் இதே விதிப்படிதான். அயோடின்-131இன் அரை ஆயுள் ஏறத்தாழ 8 நாள். எண்பது நாள் சிதையாமல் இருந்த ஓர் அணு, "எனக்கு வயதாகிவிட்டது" என்று அடுத்த நாள் அவசரப்படுவதில்லை. நூறில் ஒன்று என்ற குலுக்கலின் 'அரை ஆயுள்' 69. ஆயிரம் பேரில் பாதிப்பேர் 69ஆம் குலுக்கலுக்குள் பெற்றிருப்பார்கள். எஞ்சியவருள் பாதிப்பேர் பெறுவதற்கு மேலும் 69 தேவை. அயோடினைச் சூடாக்கினாலும் அரை ஆயுள் மாறாது. அணுக்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் சிதைவுகள் கூடும், அவ்வளவுதான். காசும் அப்படியே. அது குலுக்கல்களின் எண்ணிக்கையைக் கூட்டுமே தவிர, ஒரு குலுக்கலின் வாய்ப்பைத் தொடாது. ஒரே மாலையில் நூறு வாங்கியவருக்கும், நாளுக்கு ஒன்றாக நூறு நாள் இலவசமாக ஆடியவருக்கும் வெற்றிவாய்ப்பு ஒன்றே: 63 சதவிகிதம்.

இப்போது உண்மையான எண்களுக்கு வருவோம். 2017 மே முதல் சீன அரசு இத்தகைய வாய்ப்புகளை வெளியிட வேண்டும் என்று விதித்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஆப்பிள் நிறுவனமும் தன் செயலிக்கடையில் அதே விதியைக் கொண்டுவந்தது. ஆகவே எண்கள் நம் கைக்குக் கிடைக்கின்றன.

சீனாவின் மிஹோயோ நிறுவனம் 2020 செப்டம்பரில் வெளியிட்ட 'ஜென்ஷின் இம்பாக்ட்' விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அதில் ஐந்து நட்சத்திர வீரருக்கு அறிவிக்கப்பட்ட வாய்ப்பு 0.6 சதவிகிதம். 89 முறை தவறினால் 90ஆம் முறை நிச்சயம். இரண்டையும் சேர்த்த மொத்த வாய்ப்பு 1.6 சதவிகிதம் என்றும் அறிவித்திருந்தார்கள். இந்த மூன்று எண்களும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா? 89ஆம் குலுக்கல் வரை 0.6 சதவிகிதமே நீடித்தால், ஒரு வீரருக்குச் சராசரியாக ஏறத்தாழ 69.7 குலுக்கல் ஆகும். அது 1.43 சதவிகிதம். அறிவித்ததோ 1.6, அதாவது 62.5 குலுக்கல். ஆகவே தொண்ணூறை எட்டும் முன்பே எங்கோ வாய்ப்பு உயரத் தொடங்கியிருக்க வேண்டும். நிரலைத் திறந்து பார்க்காமல், தாளும் பென்சிலும் கொண்டே இதைக் கண்டுபிடித்துவிடலாம்!

அத்துடன் முடியவில்லை. வெளிவந்த காலத்து விதிப்படி, வருகிற ஐந்து நட்சத்திர வீரர் நீங்கள் விரும்பிய அந்தச் சிறப்பு வீரராக இருக்கும் வாய்ப்பு பாதி. வேறொருவர் வந்தால், அடுத்தது நிச்சயமாக அவரே. எனவே சராசரி 62.5இன் ஒன்றரை மடங்கு, ஏறத்தாழ 94. மிக மோசமானால் 180.

ஒரு குலுக்கலுக்கு 160 மணிகள் வேண்டும். அன்றாடப் பணிகளைச் செய்தால் நாளுக்கு 60 மணிகள் இலவசம். அதை மட்டுமே நம்பினால் சராசரி ஆட்டக்காரருக்கு 250 நாள் ஆகும். துரதிர்ஷ்டசாலிக்கு 480 நாள். திருவிழாப் பரிசுகளையும் சேர்த்தால் நாள் குறையும். காசு கொடுப்பவருக்கோ, அமெரிக்க விலைப்பட்டியலின் பெரிய பொதியை வாங்கினால், ஒரு குலுக்கல் ஏறத்தாழ 2 டாலர். 180 குலுக்கல் என்றால் 350 டாலருக்கு மேல்.

இந்த 90ஆம் முறை உறுதியைப் பாராட்டலாம். இரண்டாம் பானையை ஓரளவு முதல் பானையாக்குகிறது அது. ஆனால் கூர்ந்து பாருங்கள். தவறிய முறைகளின் எண்ணிக்கை அடுத்த சிறப்பு வீரர் வரும்போதும் அழியாமல் தொடர்கிறது. அறுபதில் நிறுத்தினால் அறுபதும் அங்கேயே இருக்கும். அப்படியானால் இன்றிரவே ஆடவேண்டிய அவசரம் எங்கிருந்து வருகிறது? சிறப்பு வீரர் ஏறக்குறைய மூன்று வாரந்தான் நிற்பார் என்ற அறிவிப்பிலிருந்து. 21 நாளில் அன்றாடப் பணிகள் தருவது 7 குலுக்கல்கள்.

இன்னொரு வகைக் குலுக்கல் இதைவிடப் பொல்லாதது. குறிப்பிட்ட அட்டைகள் அத்தனையையும் குலுக்கலில் சேர்த்துவிட்டால் ஒரு பெரும் பரிசு என்பது அதன் விதி. 'முழுக் கச்சா' எனப்பட்ட இது பரிசுப்பொருள் சட்டத்துக்கு முரணானது என்று 2012 மே மாதத்தில் ஜப்பானிய நுகர்வோர் முகமை அறிவித்தது. வெவ்வேறு அட்டைகளைச் சேர்த்தால் பரிசு என்னும் உத்தியை அந்நாட்டு விதிகள் ஏற்கெனவே தடுத்திருந்தன.

ஏன் தடுத்தார்கள் என்பதை ஒரு பகடையே சொல்லும். ஆறு முகங்களும் ஒருமுறையாவது விழும்வரை உருட்டுங்கள். முதல் புதுமுகத்துக்கு ஒரே உருட்டல். இரண்டாவதற்குச் சராசரி 1.2, பிறகு 1.5, 2, 3. கடைசி முகத்துக்கு மட்டும் 6! மொத்தம் 14.7. ஐந்து முகங்கள் சேர்ந்ததும் திரை "இன்னும் ஒன்றே ஒன்று" என்று மினுக்கும். ஆனால் மொத்தச் செலவில் ஐந்தில் இரண்டு பங்கு அந்த ஒன்றுக்காகக் காத்திருக்கிறது.

இருபது சுற்று உருட்டி, ஒவ்வொரு சுற்றுக்கும் எத்தனை உருட்டல் ஆயிற்று என்று எழுதிச் சராசரி காணுங்கள். நண்பர்களின் எண்களையும் சேர்த்துக்கொண்டால் அது 14.7ஐ நெருங்கும். கடைசி முகம் மட்டும் பன்னிரண்டு உருட்டலுக்கு மேல் இழுத்தடித்த சுற்றுகளைத் தனியே குறித்து வையுங்கள். ஏறத்தாழ ஒன்பது சுற்றுக்கு ஒன்று அப்படி அமையும்.