போன் யார் கையில் இருக்கிறது?

அன்புத் தங்கைக்கு,

புற்றுநோய்ப் பிரிவில் சேர்ந்த கையோடு போன் ஆலோசனைப் பொறுப்பையும் உன்னிடம் தந்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். பெரும்பாலான பெண்கள் "போனே போதும்" என்கிறார்கள், அப்படியென்றால் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்றுதானே அர்த்தம் என்றும் கேட்டிருந்தாய். அவசரப்பட்டு அப்படி எடுத்துக்கொள்ளாதே.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து முடித்தவர்களை முதல் இரண்டு வருடம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்கிறோம். விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் சென்னைக்கு வர வேண்டுமானால் துணைக்கு ஒருவர் வேண்டும். அன்றைக்கு இரண்டு பேர் கூலியும் போச்சு. கீமோவில் வெள்ளணு குறைந்திருப்பவருக்குக் கூட்டமான பஸ் ஆகவே ஆகாது. இவர்களுக்கெல்லாம் போன் பெரிய உதவி, சந்தேகமில்லை. ஆனால் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. அது நம் பரிசோதனை மேஜை. கதிர்வீச்சில் யோனி சுருங்கிப்போன பிறகு ஸ்பெகுலம் வைத்தால் எப்படி வலிக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அந்த வலிக்குப் பயந்து போனே போதும் என்பவரை அப்படியே விட்டுவிடாதே. உள்ளே நோய் திரும்பியிருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டுத்தான் சொல்ல முடியும். "சின்ன ஸ்பெகுலம்தான் வைப்பேன், வலிச்சா உடனே நிறுத்திடுவேன்" என்று போனிலேயே சொல்லி வரவழை. வந்த பிறகு சொன்னபடி நட.

வேறு சிலர், "கை வச்சுப் பார்க்காம எப்படி டாக்டர்?" என்பார்கள். அவர்கள் மனதில் ஓடுவது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று நம்மைக் கைகழுவிவிட்டார்களோ என்ற பயம். சினைப்பைப் புற்றுநோய்க்காரர்கள் சிஏ-125 ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுத் தூக்கமில்லாமல் காத்திருப்பார்கள். தொந்தரவு எதுவும் இல்லாதபோது அந்த எண் ஏறியதை மட்டும் பார்த்து முன்கூட்டியே கீமோ தொடங்குவதால் ஆயுள் கூடுவதில்லை என்று 2010இல் லான்செட்டில் வந்த ஆய்வு காட்டியது. இதைக் குறுஞ்செய்தியில் சொல்லாதே; கூப்பிட்டுப் பேசு.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். நீ கூப்பிடும்போது போன் பெரும்பாலும் மகன் கையில் இருக்கும், ஸ்பீக்கரில். "அம்மா நல்லா இருக்காங்க, சாப்பிடுறாங்க" என்று அவரே சொல்லி முடித்துவிடுவார். பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் வெள்ளைப்படுகிறதா, உறவுக்குப் பின் ரத்தம் பட்டதா, சிறுநீர் கசிகிறதா, யோனி சுருங்காமலிருக்கக் கொடுத்த டைலேட்டரைப் பயன்படுத்த முடிகிறதா என்று மகன் எதிரில் கேட்டால் எந்தத் தாய் வாய் திறப்பாள்? எல்லாவற்றுக்கும் "இல்லை"தான் வரும், நீயும் அதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதிவிடுவாய். அதனால் ஸ்பீக்கரை அணைத்து போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல். "பக்கத்துல யாராவது இருக்காங்களாம்மா? நான் கேக்கறதுக்கு ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க" என்று ஆரம்பி. அதுவும் முடியாவிட்டால், எந்த நேரம் கூப்பிட்டால் தனியாகப் பேசலாம் என்று கேட்டு அந்த நேரத்தைக் குறித்துவை. மலம் யோனி வழியாக வருவதை மாதக்கணக்கில் ஒரு துணியில் மறைத்துக்கொண்டு, போனில் நன்றாக இருப்பதாகவே சொல்லும் பெண்களும் உண்டு. இதை மறந்துவிடாதே.

2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலை ஒருமுறை முழுதாகப் படி. போன் மூலம் மார்ஃபின் எழுத அதில் அனுமதியில்லை. வலி முற்றியவரைப் பாராசிட்டமாலில் நாள் தள்ளாமல், அவர் ஊருக்கு அருகில் வலிநிவாரண மையம் எங்கே இருக்கிறது என்று விசாரித்து, அங்குள்ள டாக்டரிடம் நீயே பேசி அனுப்பு. நோய் திரும்பிவிட்டது என்ற செய்தியையும், முடிந்தவரை, நேரில் உட்காரவைத்துச் சொல்.

அடுத்த செக்கப் போனிலா நேரிலா என்பதை ஒவ்வொரு முறையும் அந்தப் பெண்ணிடமே கேள். போன தடவை போன் போதும் என்றவர் இந்தத் தடவை வர ஆசைப்படலாம்.

அன்புடன்,
அக்கா