திறந்தவெளியில் நிற்கும் பழைய ராணுவ ஜீப்பைத் தீயிலிருந்து காப்பது எப்படி?

புதுச்சேரி குருசுக்குப்பத்துச் சந்துகளில் ஒரு ஜீப்பை நிறுத்த இடம் கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் கடல் உப்பு சேசியை விட்டுவைக்காது. அதனால் ராணுவ ஏலத்தில் எடுத்த ஜோங்கா ஜீப்பையோ, தாத்தா காலத்து வில்லிஸ் ஜீப்பையோ வைத்திருப்பவர்கள் அதை வானூர்ப் பக்கத்துச் செம்மண் மேட்டில், சொந்தக்காரர் முந்திரித் தோப்பிலோ சவுக்குத் தோப்பு ஓரத்திலோ விட்டுவைப்பது புத்திசாலித்தனம்தான். ஆனால் உப்புக்குத் தப்பிய வண்டி அங்கே காய்ந்த புல்லுக்கு நடுவில் நிற்கிறது.

காட்டுத்தீ என்றதும் குரங்கணி மலைதான் நம் நினைவுக்கு வரும். வண்டியை எரிக்க அவ்வளவு பெரிய தீ வேண்டியதில்லை. 2019 பிப்ரவரி 23 அன்று பெங்களூரு எலகங்காவில், விமானக் கண்காட்சிக்கு வந்தவர்கள் நிறுத்தியிருந்த சுமார் 300 கார்கள் எரிந்துபோயின. அது காடே இல்லை. காய்ந்த புல் மண்டிய வாகன நிறுத்தம். காற்று பலமாக அடித்தது, கார்கள் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. கேன்வாஸ் கூரையும் தேங்காய் நார் இருக்கையும் கொண்ட பழைய வண்டி அந்தக் கார்களைவிட எளிதாகப் பற்றும்.

வேலையைத் தை மாதத்திலேயே, தரையிலிருந்து தொடங்குங்கள். பருவமழையில் வளர்ந்த புல் பொங்கலுக்குப் பிறகு பழுக்கத் தொடங்கும். முழுக்கக் காய்வதற்குள் வெட்டிவிட வேண்டும். வண்டியின் நாலு பக்கமும் 5 மீட்டருக்கு வேரோடு கொத்தி, வெறும் மண் தெரிய வையுங்கள். அதற்கப்பால் இன்னொரு 10 மீட்டருக்குப் புல் கணுக்காலைத் தாண்டக் கூடாது. வெட்டிய புல்லைப் பலர் ஓரமாகக் குவித்துவிட்டுப் போகிறார்கள். அது வெட்டாமல் விட்டதற்குச் சமம். மாடு வைத்திருப்பவருக்குக் கொடுத்துவிடுங்கள். அங்கேயே கொளுத்த வேண்டாம்.

சருகு மறுபடி மறுபடி விழும். மாதம் ஒருமுறையாவது கூட்டுங்கள். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால் போதாது. சாக்கு விரித்துப் படுத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். கியர்பாக்ஸுக்குக் கீழுள்ள தகட்டில், பழைய ஆயில் பிசுக்கோடு சவுக்குச் சருகு ஒட்டி மெத்தை போலக் கிடக்கும். காற்றில் பறந்து வரும் ஒரு பொறி அங்கே விழுந்தால், வெளியே தெரியாமல் புகைந்து பிறகுதான் பற்றும். அருகே பனைமரம் இருந்தால் தொங்கும் காவோலைகளை இறக்கிவிடுங்கள். எரியும் ஓலை காற்றில் வெகுதூரம் பறக்கும்.

எந்தப் பக்கத்திலிருந்து தீ வரும்? இது நம் ஊருக்கே உரிய கேள்வி. சித்திரை, வைகாசியில் காலையில் மேற்கிலிருந்து அனல்காற்று வீசும். மதியவாக்கில் கடற்காற்று திரும்பும். குப்பத்து மீனவர்களிடம் கேட்டால் அன்றைக்குக் காற்று எப்போது திரும்பும் என்று ஓரளவு சொல்லிவிடுவார்கள். காற்று திரும்பும்போது, அதுவரை பக்கவாட்டில் மெதுவாக நகர்ந்த தீயின் ஓரம் திடீரென்று முன்முகமாகிவிடும். அதனால் மேற்குப் பக்கம் மட்டும் சுத்தம் செய்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. மழைநீர் அறுத்த செம்மண் ஓடைகளின் விளிம்பிலும் நிறுத்தாதீர்கள். தீ சரிவில் மேலேறும்போது, ஒவ்வொரு 10 பாகைச் சரிவுக்கும் அதன் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

அடுத்து வண்டி. கேன்வாஸ் கூரை, இருக்கைகள், கயிறு, மரப்பலகை எல்லாவற்றையும் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். வில்லிஸில் பெட்ரோல் டேங்க் இருப்பதே ஓட்டுநர் இருக்கைக்கு அடியில். அந்த நார் மெத்தை எரிந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. நீல பிளாஸ்டிக் தார்ப்பாயைப் போர்த்துவதை நிறுத்துங்கள். அது உருகி, எரிந்தபடியே வண்டிமேல் சொட்டும். நிழல் வேண்டுமென்றால் இரும்புக் குழாய் நட்டுத் தகரம் போடுங்கள், கீற்று வேண்டாம். நீண்ட நாள் நிற்கும் வண்டியைச் சிமென்ட் கற்களின் மேல் ஏற்றி, டயர்களைக் கழற்றிவிடலாம். முட்டுக்கு மரக்கட்டை கூடாது. இரண்டு மூன்று வண்டிகள் இருந்தால் இடையே ஒரு லாரி நுழையும் இடைவெளியாவது விடுங்கள்.

எரிபொருளில் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. டேங்க் காலியாக இருந்தால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். எரிவது பெட்ரோலின் ஆவி. அடியில் கொஞ்சம் மட்டும் மிச்சமிருக்கும் டேங்கில் அது நிரம்பியிருக்கும். ஓடும் வண்டி என்றால் டேங்கை ஏறக்குறைய நிரப்பியே வையுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஓடாது என்றால் டேங்கையே கழற்றி, பெட்ரோலை வடித்து, தண்ணீரில் நன்றாக அலசி, நெருப்பில்லாத இடத்தில் உலரவிடுங்கள். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ்கள் அதில் ஊறி வெடிப்பு விடும். எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றிவிடுங்கள். பேட்டரியில் முதலில் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, பிறகு பேட்டரியையே வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள். பழைய ஒயரிங்கை எலி கடித்தால், வெளியிலிருந்து தீ வர வேண்டிய அவசியமே இல்லை.

200 லிட்டர் பீப்பாயில் தண்ணீர், மணல் வாளி, முதுகில் மாட்டும் ஸ்பிரேயர், 6 கிலோ பவுடர் தீயணைப்பான் ஆகியவை தோப்பிலேயே இருக்கட்டும். போர் மோட்டாரை நம்ப வேண்டாம். தீ வந்தால் கரண்ட் போய்விடலாம்.

பாலிசியை எடுத்துப் பாருங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் உங்கள் வண்டி எரிந்ததற்கு ஒரு பைசா வராது. சேசி எண், என்ஜின் எண் புகைப்படங்களை வேறிடத்தில் வைத்திருங்கள்.

தீ வந்துவிட்டால் 101 அல்லது 112-ஐ அழையுங்கள். வானூர் தமிழகம், குருசுக்குப்பம் புதுச்சேரி. அதனால் போனில் கிராமத்தின் பெயரையும் மாநிலத்தையும் முதலிலேயே சொல்லுங்கள். தோப்புக்குப் பக்கத்து நிலையத்தின் நேரடி எண்ணையும் சேமித்து வையுங்கள். புல்லில் தீ சின்னதாக இருக்கும்போது, தப்பிக்க வழி பின்னால் இருந்தால் மட்டும் அணைக்கப் பாருங்கள். வண்டியே பற்றிவிட்டால் விலகிவிடுங்கள். டயர் வெடிக்கும், புகை நஞ்சு. எந்த ஜீப்புக்காகவும் ஓர் உயிர் போகக் கூடாது.

தீ அடங்கிய பிறகும் சில மணி நேரம் பக்கத்திலேயே இருந்து, அடித்தகட்டிலும் இடுக்குகளிலும் புகை வருகிறதா என்று பாருங்கள். பெயின்ட் கொப்பளித்த அளவுக்குச் சூடேறிய வண்டியில் டயர், பிரேக் ஹோஸ், ஒயரிங் எல்லாம் புதிதாகப் போட வேண்டும். ஸ்பிரிங் பட்டைகளையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கடும் சூட்டில் அவை முறுக்கிழந்திருக்கலாம், அப்படியே சாலையில் இறக்கினால் சுமை தாங்காது.